சாமி இடத்துப் புல்

1

வேலியோரத்துப் புல்லைப் பாதி வெட்டியிருந்தபோது மெஷின் வெறுமனே உறுமத் தொடங்கியது. சத்தம் இருக்கிறது, வெட்டு இல்லை. கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் சுழல்கிற உருண்டையின் இரண்டு பக்கமும் மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய தங்கூஸை, அந்த நைலோன் நூலை, காணோம். தேய்ந்து முடிந்துவிட்டது. மெல்பேர்ணுக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து புல் வெட்டுகிறேன். ஆனால் அந்த நூலை ஒருநாளும் நானே மாற்றியதில்லை. பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருவர் இருந்தார், கிரேக்கர். மெஷினைத் தூக்கிக்கொண்டு போனால் பேசிக்கொண்டே மாற்றிக் கொடுத்துவிடுவார். அவர் போன மாதம் மகள் வீட்டோடு போய்விட்டார்.

சரி, அடுத்த கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பேன். கவுன்சில் விடவில்லை. இங்கே வீட்டு வேலிக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு துண்டுப் புல்தரை இருக்கும். அது கவுன்சிலுக்குச் சொந்தம். அதில் ஒரு செடி நட வேண்டுமென்றாலும் அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். ஆனால் அதில் முளைக்கிற புல்லை வெட்டுவது வீட்டுக்காரன் பொறுப்பு. நிலம் அவர்களுடையது, புல் மட்டும் என்னுடையது. தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவனுக்கு அடுத்தவன் நிலத்தைச் சுத்தம் செய்வது புதிய விஷயமில்லைதான். சொந்த வீடு வாங்கிய பிறகும் அது கூடவே வரும் என்றுதான் நினைக்கவில்லை.

புல் உயரமாகிவிட்டதாக யாரோ புகார் செய்திருக்கிறார்கள். கவுன்சிலிலிருந்து அறிவித்தல் வந்துவிட்டது. தவணை கேட்கலாமென்று போன் எடுத்தேன். நெடுநேரம் பாட்டுப் போட்டார்கள். கடைசியில் ஒரு பெண்பிள்ளை வந்து, என் பெயரை எழுத்துக் கூட்டச் சொன்னாள். கூட்டினேன். மறுபடி கூட்டச் சொன்னாள். அந்தப் பதற்றத்தில், 'நாளைக்கு வெட்டிவிடுகிறேன்' என்பதற்குப் பதிலாக, 'நேற்று வெட்டிவிடுகிறேன்' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அவள் மிகவும் நல்லது என்றாள். பக்கத்தில் இருந்த என் மகள் ஷாமினி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்குப் பதினைந்து வயது. நான் போனில் ஆங்கிலம் பேசும்போதெல்லாம் அவளுக்கு அந்த வேலை இருக்கிறது.

நூல் வாங்கப் போன கடையிலும் நல்ல பெயர் எடுத்தேன். தங்கூஸுக்கு ஆங்கிலத்தில் என்னவென்று வாயில் வரவில்லை. புல் மெஷினுக்குக் கயிறு வேண்டும் என்றேன். ஒரு பையன் மிகுந்த மரியாதையோடு கூட்டிக்கொண்டுபோய் நங்கூரக் கயிறுகளுக்கு முன்னால் நிறுத்தினான். அவன் போகும்வரை அவற்றைப் பார்ப்பதுபோல நின்றுவிட்டு, நானே தேடி எடுத்து வந்தேன்.

2

நூல் கிடைத்துவிட்டது. சுற்றுவது எப்படி? ஷாமினி ஒரு வீடியோவைப் போட்டுக் கொடுத்தாள். அதில் கையுறை போட்ட ஒருவர் நான் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் சுற்றி முடித்துவிட்டார். மூன்று தரம் பார்த்தும் பிடிபடவில்லை. அப்புறம்தான் தம்பியைக் கூப்பிடலாம் என்று தோன்றியது.

தம்பி யோகேஸ், உடப்புசல்லாவைக்கு மேலே நாங்கள் பிறந்த தோட்டத்திலேயே இருக்கிறான். காலையில் பெரட்டுக்களத்தில் போய்த் தோட்ட வேலைக்குப் பேர் கொடுத்து நிற்பதை எப்போதோ விட்டுவிட்டான். புல்லு மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு பங்களாத் தோட்டம், பள்ளிக்கூட மைதானம், மரக்கறித் தோட்டத்து வரப்பு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் வெட்டிக் கொடுக்கிறான். அந்த மெஷின் நான் வாங்கிக் கொடுத்தது. அதனால் அதைப் பற்றிய கவலையும் என்னுடையதாகிவிட்டது.

அன்று சனிக்கிழமை. இங்கே பகல் ஒரு மணி, அங்கே காலை ஏழரை. வீடியோவில் வந்தான். தலையில் கம்பளித் தொப்பி, கையில் தேத்தண்ணி.

"என்னண்ணே, காலங்காத்தால? எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கோம்டா. மெஷின்ல தங்கூஸ் முடிஞ்சு போச்சு. எப்புடிச் சுத்துறதுன்னு காட்டு."

அவன் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சிந்தியது. "எனக்கு மெஷின் வாங்கிக் குடுத்த ஆளுக்கு நூலு சுத்தத் தெரியாதா? சரி, மொதல்ல பேட்டரியக் கழட்டுங்க. வெரலு வேணுமில்ல?"

கழற்றினேன். அவன் சொல்லச் சொல்லச் செய்தேன்.

"ரெண்டு பக்கமும் அமுக்குங்க, மூடி வந்துரும். உள்ள இருக்குற ரீல வெளிய எடுங்க. தங்கூஸ ரெண்டா மடிச்சு, அந்த மடிப்ப நடுவுல இருக்குற வெட்டுல மாட்டுங்க. இப்பச் சுத்துங்க. அந்தப் பக்கம் இல்லண்ணே! அம்புக்குறி போட்டிருக்கு பாருங்க. மாத்திச் சுத்துனா நூலு வெளிய வராது."

அவிழ்த்து மறுபடி சுற்றினேன்.

"இழுத்துப் புடிச்சுச் சுத்துங்க. ஒண்ணு மேல ஒண்ணு ஏறக்கூடாது. ஏறிருச்சுன்னா சூட்டுல ரெண்டும் ஒட்டிக்கிரும், அப்புறம் தரையில தட்டுனாலும் எறங்காது."

நூலின் இரண்டு நுனியையும் பக்கத்து ஓட்டைகளில் கோத்து வெளியே இழுத்து, மூடியை அமுக்கினேன். 'டக்' என்று உட்கார்ந்தது. உள்ளபடியே சொல்கிறேன், இங்கே பிரஜாவுரிமை கிடைத்த அன்றுகூட இவ்வளவு சந்தோஷம் வரவில்லை.

"வெளிய எவ்வளவு நீளம் விடணும்? ஒன்னோடதக் காட்டு."

அவன் போனைத் திருப்பினான். காம்பரா வாசலில் மெஷின் சாய்ந்து நின்றது. அதன் அடியில் நீட்டிக்கொண்டிருந்தது தங்கூஸ் இல்லை. மின்னியது.

"அது என்னடா?"

"கிளட்ச் வயருண்ணே. த்ரீவீல்ல போடுறது."

"பைத்தியமாடா ஒனக்கு? கம்பியப் போட்டா வெட்டுவாங்க?"

"டவுன் கடையில மெல்லிசு தங்கூஸ்தான் இருக்கு. நம்ம மெஷினுக்குத் தடிச்சது வேணும், அதுக்கு நுவரெலியா போகணும். வலப்பனையிலயும் கேட்டுப் பாத்துட்டேன். இன்னிக்குள்ள வெட்டியாகணுமே. நாளைக்குச் சாமி கும்புடு."

"எந்த எடத்த வெட்டப்போற?"

"கவ்வாத்துச் சாமி எடத்தத்தான். வேற எத?"

போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் அந்தக் கம்பியை மறுபடி பார்த்தேன்.

3

தேயிலைச் செடியைக் குட்டையாக வெட்டிவிடுகிற வேலைதான் கவ்வாத்து. அதைத் தொடங்குவதற்கு முன்னால் கும்பிடுகிற சாமி, கவ்வாத்துச் சாமி. எங்கள் தோட்டத்தில் அவர் மலை உச்சியில், ஒரு சவுக்கு மரத்தடியில், ஒரு கல்லாக இருக்கிறார். சுற்றிலும் சின்னக் கற்களை வட்டமாக வைத்து எல்லை கட்டியிருக்கும். எல்லைக்குள்ளே செருப்புக் கால் படக்கூடாது. அட்டைக்குப் பயந்து முழங்கால்வரை பூட்ஸ் போட்டு வருகிற ஆட்கள்கூட அந்த இடத்தில் கழற்றி வைத்துவிட்டு அட்டைக்கடி வாங்குவார்கள். எங்கள் காலத்தில் மலை வேலையை மேற்பார்வை பார்த்த கண்டாக்கு ஐயா காலுறையையும் கழற்றிச் சுருட்டிக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார்.

கும்பிடுக்கு முதல் நாள் எல்லைக்குள் வளர்ந்த புல்லை வெட்டிச் சுத்தம் செய்வது எங்கள் குடும்பத்து முறை. மூத்த ஆண்பிள்ளை செய்ய வேண்டிய வேலை. அப்பா செய்தார். அவருக்குப் பிறகு யோகேஸ் செய்கிறான்.

அப்பா கத்தியால் அரிவார். கத்தி, கை போகச் சொன்ன இடத்துக்குத்தான் போகும். வெறுங்காலோடு நின்று கத்தி வீசுவது அந்த மலையில் எல்லோருக்கும் கைவந்த வேலை. மெஷின் அப்படியில்லை. எதிரில் இருப்பதை எல்லாம் வாரி அடிக்கும். அந்தச் சாமிக்கோ சாராயமும் சுருட்டும் படைப்பார்கள். எத்தனை வருஷத்துப் போத்தல் உடைசல் அந்தப் புல்லுக்குள் கிடக்கிறது என்று அவருக்கே தெரியாது. அதற்குள் கிளட்ச் வயரைப் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு இறங்கப் போகிறான் என் தம்பி. கல்லில் பட்டால் அந்த வயர் புரி புரியாக அறுந்து தெறிக்கும். நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரிச் சமையலறைக்குத் தோட்டக்காரர்கள் தேத்தண்ணி குடிக்க வருவார்கள். இந்த மாதிரிக் கதைகளை அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"பூட்ஸ் போட்டுக்கிட்டு வெட்டுவியா?" என்று கேட்டேன்.

"அங்கயா?" யாரோ அசலானைப் பார்ப்பதுபோலத் திரையில் என்னைப் பார்த்தான். "என்னண்ணே பேசுறீங்க? சாமி எடத்துல யாராச்சும் பூட்ஸோட நிப்பாங்களா?"

"அப்பக் கத்தியால வெட்டு."

"புல்லு இடுப்பளவு நிக்குது. மழை விட்டு விட்டுப் பெய்யுது. கத்தி புடிக்கிற ஆளுகள்ளாம் கொழும்புக்குப் போயிட்டாங்க. ஒத்த ஆளா நான் எப்ப வெட்டி முடிக்கிறது? இப்ப ஸ்கூல் கிரவுண்டுக்குப் போறேன். அத முடிச்சிட்டு மத்தியானத்துக்கு முந்தியே மலைக்கு ஏறணும். வச்சிரட்டா?"

வைத்துவிட்டான். நான் திரும்பக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. கொஞ்சம் கழித்துக் கூப்பிட்டேன். மணியே அடிக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கமும் அந்த மலையிலும் சிக்னல் கிடையாது என்பது எனக்குத் தெரியும். அதுவரை மறந்திருந்தேன்.

என் மனைவி மாலதி அடுப்படியில் இருந்தாள். அவள் வலப்பனை டவுனில் கடை வைத்திருந்தவரின் மகள். தோட்டத்துச் சாமிகள் என்றால் அவளுக்குக் கொஞ்சம் நடுக்கம்.

"சாமி எடத்துல பூட்ஸ் போடச் சொல்லி நீங்க வாயத் திறக்காதீங்க," என்றாள். "நாளைக்கு அங்க ஒரு ஆட்டுக்குட்டி செத்தாலும் நீங்க சொன்னதாலன்னு ஆயிரும்."

"சொல்லாம இருந்து அவன் கால் போயிருச்சுன்னா?"

"அதுக்கும் ஒங்களத்தான் சொல்லுவாங்க. மெஷின் வாங்கிக் குடுத்தது நீங்கதானே?"

இப்படி இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டு அவள் வெங்காயம் அரியப் போய்விட்டாள். நான் ஷாமினியிடம் போனேன். அவள் காதில் மாட்டியிருந்த இயர்போனில் ஒன்றை மட்டும் கழற்றிவிட்டுக் கேட்டாள். கேட்டு முடித்ததும் ஆங்கிலத்தில் சொன்னாள், இது ரொம்ப எளிது, செய்யாதே என்று அவரிடம் சொல்லுங்கள், எந்தக் கடவுளாவது ஒரு மனிதனின் கால்விரலைக் கேட்குமா என்று. பிறகு தமிழில், "இது எந்தச் சித்தப்பா?" என்றாள்.

அவளுக்கு இருப்பது ஒரே சித்தப்பா. அவள் நாலு வயதில் அவன் தோளில் உட்கார்ந்து கொழுந்து மலை முழுக்கச் சுற்றியவள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் வெளியே போய்விட்டேன்.

4

கை சும்மா இருந்தால் கண்டதையும் நினைக்கும். மெஷினை எடுத்தேன். புது நூல் அருமையாக ஓடியது. உருண்டையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினால் கொஞ்சம் நூல் தானாகவே இறங்குகிறது. கவுன்சிலின் துண்டை முடித்தேன். வேலியோரம் முடித்தேன். பக்கவாட்டால் வெட்டிக்கொண்டே பின்பக்கம் போனேன். அங்கே நேரம் காலை பதினொன்று இருக்கும், பள்ளிக்கூடத்து வேலை முடிந்திருக்கும், இப்போது மலைக்கு ஏறுவான், இப்போது எல்லைக் கல்லுக்கு வெளியே பூட்ஸைக் கழற்றுவான் என்று மனம் அவன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

பின்பக்கம் ஒரு எலுமிச்சை மரம் நிற்கிறது. அதன் அடியில் மாலதி ஒரு கல் வைத்திருக்கிறாள். தோட்டச் சாமான் விற்கிற கடையில் வாங்கிய சாதாரணக் கூழாங்கல். மஞ்சள், குங்குமம் வைத்து வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றுவாள். என்ன சாமி என்று கேட்டால், "எல்லாச் சாமியுந்தான்" என்பாள். அந்த மூலையிலும் புல் மண்டியிருந்தது. வெட்டிக்கொண்டு போனேன்.

"அப்பா! அப்பா! கால்!"

ஷாமினி பின்கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். நான் மெஷினை நிறுத்தினேன். அவள் என் காலைக் காட்டிக் கத்தினாள். குனிந்து பார்த்தேன். வெறுங்கால். பாதம் முழுக்கப் பச்சைத் தூள். பெருவிரலுக்குப் பக்கத்தில் கோடு போட்டதுபோல ஒரு கீறல், அதில் பொட்டாக இரத்தம். என் சப்பாத்து இரண்டும் புல்லுக்கு வெளியே, எலுமிச்சை நிழல் தொடங்குகிற இடத்தில், சோடியாக, ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது.

கழற்றியது எனக்கு ஞாபகமே இல்லை. குனிந்தேனா, நாடாவை அவிழ்த்தேனா, ஒன்றும் தெரியாது. நாள் பூராவும் தம்பியின் பாதத்தை நினைத்து நடுங்கியவன், நடுங்கிக்கொண்டே என் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஓடுகிற மெஷினோடு நின்றிருக்கிறேன். எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. அவனுக்குப் புத்தி சொல்ல வேண்டியவன் புத்தியும் அவன் புத்தியும் ஒரே இடத்தில்தான் இருந்திருக்கின்றன.

"சப்பாத்து உடுத்துங்க அப்பா!" என்றாள் ஷாமினி. அழுதுவிடுவாள் போலிருந்தது. அவள் தமிழிலேயே, உடுத்துகிறேன் மகள் என்று சொல்லிப் போட்டுக்கொண்டேன்.

5

அவனே கூப்பிட்டபோது இங்கே சாயங்காலம் எட்டு மணிக்கு மேல். கோடை தொடங்கிவிட்டதால் இன்னும் வெளிச்சம் இருந்தது. நான் அதுவரை சாப்பிடவில்லை. மாலதி இரண்டு தரம் சோற்றைச் சூடாக்கிவிட்டாள்.

முகம் தெரிந்தது. முழு முகம், இரண்டு கண். "காலக் காட்டு," என்றேன், வேறு எதுவும் கேட்காமல். அவன் சிரித்துக்கொண்டே காட்டினான். சேறும் புல்லும் அப்பிய பாதங்கள். விரல் எல்லாம் இருந்தன.

"ஒண்ணும் ஆகலண்ணே. ஆனா ஒண்ணு காட்டுறேன் பாருங்க. எறங்கி வர்றப்போ போட்டோ புடிச்சேன்."

ஒரு படத்தை அனுப்பினான். சாமி மரத்தின் அடித்தண்டு. அதில் அவன் இடுப்பு உயரத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கிளட்ச் வயர் துண்டு குத்தி நின்றது. மரத்துக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியவில்லை.

"கல்லுல பட்டு 'விர்'ருன்னு போச்சு. சாமி தன்னோட மரத்துல வாங்கிக்கிட்டாரு. அத்தோட கம்பியக் கழட்டி வீசிட்டேன், பயந்துராதீங்க. மிச்சத்தக் கத்தியாலதான் அரிஞ்சேன். இனிமே கம்பி போட மாட்டேன். சாமி மேல சத்தியம்."

"பூட்ஸ்?"

"பூட்ஸ் போட்டிருந்தா வயித்துல குத்தாதா?"

படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். கால், கால் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கம்பி வயிற்று உயரத்தில் பறந்திருக்கிறது. சரியாகப் பயப்படவும் எனக்குத் தெரியவில்லை.

"நானும் இன்னிக்குக் கழட்டி வச்சிட்டுத்தான்டா வெட்டினேன்," என்றேன். "இங்க ஒங்க அண்ணி ஒரு கல்லு வச்சிருக்கா. ஷாமினி பாத்துட்டுக் கத்தினா."

அவன் முகத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டு வந்தான். பிறகு, "நீங்களுமா? அப்புறம் என்னைய மட்டும் ஏசுறீங்க!" என்றான்.

"ஏசலடா. பயமா இருக்கு. ஒனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா நான் இங்கேருந்து என்ன செய்வேன்? நல்ல தங்கூஸ் நானே அனுப்புறேன். அடுத்த தடவ அந்த எடத்துல மட்டுமாவது பூட்ஸ் போட்டுக்க. சாமி கோவிக்காது."

"எனக்கும் பயந்தாண்ணே," என்றான். இப்போது சிரிக்கவில்லை. "ஒவ்வொரு வருஷமும் மெஷின இழுக்குறதுக்கு முன்னுக்குக் கும்புட்டுச் சொல்லுவேன். இது எங்க அண்ணே செய்ய வேண்டிய மொறை, அவரு தூரத்துல இருக்காரு, அவருக்குப் பதிலாத்தான் நான் நிக்கிறேன்னு. என் மொறையா இருந்தா எப்பவோ பூட்ஸ் போட்டிருப்பேன். ஒங்களுக்காக நின்னுக்கிட்டு, ஒங்க சாமிகிட்ட நான் எப்புடிண்ணே கொறை வைக்கிறது?"

மாலதி தட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாள் முழுக்க நான் பயந்துகொண்டிருந்த அந்தக் கால்கள் என் இடத்தில் நிற்கின்றன என்று எனக்கு ஒருதரமும் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

"அடுத்த வருஷம் நான் வர்றேன்," என்றேன். "நானே வெட்டுறேன்."

அவன் பதறிப்போய்ச் சொன்னான்: "ஐயோ, வேணாண்ணே. ஒங்களுக்கு மெஷின் சரியாப் புடிக்கத் தெரியாது. கால்ல பட்டுரும்."